கண் மஞ்சள் மாறியது, பிள்ளை வெளுத்துப் போனான்

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். கணவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறார். மகனுக்கு ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்தே கண் மஞ்சளாகத்தான் இருக்கும். மஞ்சக்காமாலை என்று எத்தனையோ தடவை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியம் வைத்தோம். போன வருடம்தான் சோதித்துப் பார்த்து, ரத்தச் சிவப்பணு சீக்கிரம் உடைந்துபோகிற பரம்பரை நோய், பெயர் ஸ்பீரோசைட்டோசிஸ் என்றார்கள். ஹீமோகுளோபின் எப்போதும் 9, 9.5 இருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் கண்ணில் இருந்த மஞ்சள் நன்றாக மாறிவிட்டது. மருந்து பிடிச்சிருக்கு என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் பிள்ளை சாப்பிடாமல் படுத்தே கிடந்தான். காய்ச்சல் விட்டு நாலாம் நாள் பள்ளிக்கூடத்தில் பிரேயர் வரிசையில் மயங்கி விழுந்தான். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனோம். ஹீமோகுளோபின் 4.2. அவசரம் என்று சொல்லிக்கொண்டே ரத்தத்தை மிக மெதுவாக ஏற்றினார்கள், அது ஏன் என்று புரியவில்லை. ஒரு வைரஸ் எலும்பு மஜ்ஜையை நிறுத்திவிட்டது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஏப்ளாஸ்டிக்' என்று இருப்பதைப் பார்த்து, சொந்தக்காரப் பையன் போனில் தேடி, மஜ்ஜை மாற்ற வேண்டிய நோய் என்கிறான். சிலர் பிளட் கேன்சர் என்று சொல்லுகாங்க. இப்போது இரண்டு நாளாகக் கண் திரும்பவும் மஞ்சளாகிறது. வைரஸ் மறுபடியும் வந்துவிட்டதா? மண்ணீரலை எடுத்தால் சரியாகுமா? இரும்புச்சத்து டானிக் கொடுக்கலாமா? மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது, அவளுக்கும் வருமா? ஆஸ்பத்திரியில் அவன் கூடவே இருந்த என் தம்பி மனைவி நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். கணவருக்கு 28 வயதில் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? பிள்ளை வெளுத்துக் கிடந்தபோது நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஒரு தாய், குலசேகரம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மகளுக்கும் தம்பி மனைவிக்கும் செய்ய வேண்டிய சோதனைகளைப் போனில் சொல்லிவிட்டேன். அவை காத்திருக்கக் கூடாத காரியங்கள். மற்றதை, இந்த நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் வேறு வீட்டாருக்கும் பயன்படும் என்பதால், இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு வந்தது புற்றுநோய் இல்லை. மஜ்ஜை மாற்ற வேண்டிய நோயும் இல்லை. இப்போது திரும்பி வந்திருக்கும் மஞ்சள் பெரும்பாலும் நல்ல செய்தி. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு வாரமாக நீங்கள் பயப்படுகிற பயம் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சானலையும் (பாசன வாய்க்கால்) குளத்தையும் வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். நம் எல்லோருடைய ரத்தமும் ஒரு குளம்தான். எலும்பு மஜ்ஜை என்கிற அணையிலிருந்து தினமும் புதுச் சிவப்பணுக்கள் வந்துகொண்டே இருக்கும், பழையவை கழிந்துகொண்டே இருக்கும். நல்ல நிலையில் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடிருக்கும். அப்படியென்றால் ஒரு நாளில் கழிவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உங்கள் மகனுடைய சிவப்பணுவுக்குத் தோல் பலமில்லை. தட்டையாக, நடுவில் குழிந்து இருக்க வேண்டியது பந்து போல உருண்டுவிடுகிறது. உருண்டது மண்ணீரலின் இடுக்குகளில் நெளிந்து போக முடியாமல் சிக்கி உடைகிறது. இந்த நோயில் பல பிள்ளைகளுக்குச் சிவப்பணுவின் ஆயுள் இருபது நாள் அளவுக்குக் குறைந்துவிடும். கரை உடைந்து ஒழுகுகிற குளம் அது. இருந்தாலும் அவன் ஒன்பது, ஒன்பதரையில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தானே, எப்படி? பேச்சிப்பாறை அணையில் மதகைப் பெரிதாகத் திறந்துவிட்ட மாதிரி, அவனுடைய மஜ்ஜை சாதாரணப் பிள்ளையைவிடப் பல மடங்கு வேலை செய்து, ஒழுகுவதை ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பார்வோவைரஸ் பி19 என்ற கிருமி உள்ளே வந்தது. சளி, இருமல், தும்மல் வழியாகப் பரவும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம். மஜ்ஜையில் சிவப்பணுவாக வளரப்போகிற இளம் செல்களைத் தேடிப்போய் அழிப்பதுதான் இதன் வேலை. ஏழு முதல் பத்து நாள் வரை புதுச் சிவப்பணு உற்பத்தி அநேகமாக நின்றே போகும். அதாவது சானல் அடைத்துவிடும்.

கரை உறுதியான குளத்துக்குப் பத்து நாள் சானல் அடைத்தால் என்ன நஷ்டம்? ஹீமோகுளோபின் ஒரு புள்ளி குறையும், யாருக்கும் தெரியாது. அந்த வகுப்பில் இன்னும் பத்துப் பிள்ளைகளுக்கு இதே கிருமி வந்து, லேசான காய்ச்சலோடு, சிலருக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி ஒரு சிவப்போடு போயிருக்கும். நம் பிள்ளைகளின் நிறத்துக்கு அந்தச் சிவப்பும் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருபது நாளில் காலியாகிற குளத்துக்குப் பத்து நாள் வரத்து நின்றால் பாதி போய்விடும். ஒன்பதரையில் பாதி எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மகனுக்கு 4.2 வந்தது இந்தக் கணக்கில்தான். புதிதாக வேறு கொடிய நோய் எதுவும் சேர்ந்து வரவில்லை.

இனி அந்த மஞ்சள். சிவப்பணு உடையும்போது அதிலிருந்து வெளிவருகிற பிலிருபின்தான் கண்ணில் தெரிகிற மஞ்சள். உடைவதற்கு அணு இருக்கிறவரைதான் மஞ்சள் இருக்கும். வரத்து நின்று, இருந்ததும் தீர்ந்துகொண்டே வந்தால், உடைவதற்கு அதிகம் மிச்சமில்லை. கண் தெளிந்துவிடும். பிள்ளை உள்ளே வற்றிக்கொண்டிருப்பான், பார்ப்பவருக்கோ மஞ்சள் மாறித் தேறுகிற மாதிரி தெரியும்.

இதில் ஏமாறுவது தாய்மார் மட்டும் இல்லை. நான் மேற்படிப்பு படித்த காலத்தில், இதே நோயுள்ள ஒரு சிறுமியின் கேஸ் ஷீட்டில் 'மஞ்சள் குறைகிறது, முன்னேற்றம்' என்று என் கையால் எழுதினேன். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த பேராசிரியை ஒன்றும் பேசாமல் அந்தப் பிள்ளையின் உள்ளங்கையைத் தூக்கித் தன் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். காகிதம் போல இருந்தது. "ரெட்டிக் எவ்வளவு?" என்று கேட்டார். புதுச் சிவப்பணு எவ்வளவு வருகிறது என்று காட்டுகிற அந்தச் சோதனைக்கே நான் எழுதியிருக்கவில்லை. அன்று ராத்திரி ரத்தம் ஏற்றினோம், பிள்ளை பிழைத்தாள். அதற்குப் பிறகு வெறும் மஞ்சளை வைத்து நான் எந்த முடிவுக்கும் வந்ததில்லை. ஆறு வருடம் மஞ்சளைப் பார்த்துப் பயந்த ஒரு தாய், அது போனதும் சந்தோஷப்படாமல் எப்படி இருப்பாள்? உங்கள் மேல் தப்பு எதுவும் இல்லை. மஞ்சள் போனாலும் பிள்ளை வெளுத்தால் ஆபத்து என்று நோயைக் கண்டுபிடித்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

மருத்துவ உலகத்துக்கே இது புரிய வெகுகாலம் ஆயிற்று. இந்த நோயாளிகளுக்கு வருகிற திடீர் ரத்தச்சோகை, அணுக்கள் அளவுக்கு மீறி உடைவதால் வருகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். நார்வே நாட்டு மருத்துவர் பால் ஓவ்ரன் 1948-இல், இதே பரம்பரை மஞ்சள் நோயுள்ளவர்களைப் பரிசோதித்து, நெருக்கடியின்போது நின்றுபோவது உற்பத்திதான் என்று காட்டினார். ஏன் நிற்கிறது என்று அப்போது தெரியாது. 1970-களின் நடுவில் லண்டனில் இவோன் கோசார்ட் என்ற வைரஸ் ஆராய்ச்சியாளர், ஹெபடைடிஸ் பி சோதனைக்காக வைத்திருந்த ரத்த மாதிரிகளில் தற்செயலாக ஒரு புது வைரஸைப் பார்த்தார். பி என்ற வரிசையில் 19-ஆம் மாதிரி, அதனால் பி19. 1981-இல்தான், சிக்கிள் செல் நோயுள்ள குழந்தைகளுக்கு வந்த இதே நெருக்கடிக்கு இந்தக் கிருமி காரணம் என்று தெரிந்தது. சிவப்பணு சீக்கிரம் உடைகிற எந்த நோயிலும், தலசீமியாவிலும்கூட, இதே ஆபத்து உண்டு.

இப்போது மஞ்சள் ஏன் திரும்புகிறது? உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி வைரஸை அடக்கிவிட்டது. சானல் திறந்துவிட்டது, புது அணுக்கள் வருகின்றன. கரை பழையபடி உடைந்த கரைதானே, வருகிறதில் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அந்த ஒழுக்குதான் நீங்கள் கண்ணில் பார்க்கிற மஞ்சள். இதை உறுதிசெய்ய ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும் போதும். ரெட்டிகுலோசைட் என்பது அணையிலிருந்து அப்போதுதான் இறங்கிய இளம் சிவப்பணு. வைரஸ் பிடித்த நாட்களில் இது ஒரு சதவீதத்துக்கும் வெகுவாகக் கீழே போயிருக்கும், டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். இப்போது ஏறியிருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனை என்று பொதுவாகச் சொன்னால் பல லேப்களில் இதைச் செய்ய மாட்டார்கள். 'ரெட்டிக் கவுண்ட்' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

மஞ்சள் கூடுவது எப்போதும் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு சாதாரண வைரஸ் காய்ச்சல்களில் மண்ணீரல் வீங்கி, அணு உடைவது கூடும். அப்போது மஞ்சளும் கூடும், வெளுப்பும் கூடும், இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் பெரிதாகக் கைக்குத் தட்டும். இன்னொன்று பித்தப்பைக் கல். வருடக்கணக்காகப் பிலிருபின் அதிகமாக ஓடினால் பித்தப்பையில் கல் சேரும். அது குழாயை அடைத்தால் வலது மேல் வயிற்றில் வலி, பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் சிறுநீர், வெளிறிய மலம், உடம்பெல்லாம் அரிப்பு. மகனுக்கு வழக்கமாக இருக்கிற மஞ்சளில் கண் மஞ்சளாக இருந்தும் சிறுநீர் அந்த அளவுக்குக் கறுக்காது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இனி கண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளங்கையைப் பாருங்கள். காலை வெளிச்சத்தில் அவன் கையை உங்கள் கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கீழ் இமையை இழுத்து உள்பக்கம், நாக்கு, நகம், இவற்றில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் வந்தால், வந்த அன்று ஒரு ரத்தப் பரிசோதனை, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொன்று. படுத்தே கிடப்பது, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, எழுந்தால் தலைசுற்றுவது, இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ரத்தத்தை ஏன் மெதுவாக ஏற்றினார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது நல்ல மருத்துவம். ஹீமோகுளோபின் நாலுக்கு இறங்கிய பிள்ளையின் இதயம் இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்து முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒரேயடியாக ரத்தத்தைத் தள்ளினால் இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும். மெதுவாக ஏற்றியவர்கள் உங்கள் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்த வைரஸுக்குத் தனி மருந்தோ தடுப்பூசியோ இன்னும் வரவில்லை. மஜ்ஜை எழுந்து உட்காரும்வரை ரத்தம் கொடுத்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

ஏப்ளாஸ்டிக் என்ற சொல்லைப் பற்றி. 'ஏப்ளாஸ்டிக் அனீமியா' என்று ஒரு நோய் உண்டு. அதில் மஜ்ஜையே வற்றிப்போகும், வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து குறையும், சிலருக்கு மஜ்ஜை மாற்று தேவைப்படும். உங்கள் மகனுக்கு எழுதியிருப்பது 'ஏப்ளாஸ்டிக் கிரைசிஸ்', தற்காலிக நெருக்கடி. நின்றது பெரும்பாலும் சிவப்பணு உற்பத்தி மட்டும், அதுவும் சில நாட்களுக்கு. அந்தச் சொந்தக்காரத் தம்பி தேடியதில் தப்பில்லை, இரண்டாவது சொல்லை விட்டுவிட்டார், அவ்வளவுதான். மறுபடி வருமா? பி19 ஒருதரம் வந்துபோனால் நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குப் பொதுவாக ஆயுள் முழுவதும் பாதுகாப்பு உண்டு. இதே காரணத்தால் இன்னொரு தடவை இப்படி விழ வாய்ப்பு மிக மிகக் குறைவு.

அதனால்தான் இந்த ஒரு சம்பவத்துக்காக மண்ணீரலை எடுக்க அவசரப்பட வேண்டாம் என்கிறேன். மண்ணீரலை எடுத்தால் சிவப்பணு அதிக நாள் வாழும், ஹீமோகுளோபின் ஏறும், உண்மை. ஆனால் ரத்தத்தில் வருகிற சில பாக்டீரியாக்களை வடிகட்டுவதும் அதே மண்ணீரல்தான். அது இல்லாத பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் சில மணி நேரத்தில் உயிராபத்தாகலாம், வாழ்நாள் முழுவதும் அந்தக் கவனம் வேண்டும். அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டி வருகிறதா, வயதுக்கேற்ற உயரமும் எடையும் வருகிறதா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒன்பதில் நிற்கிற, ஓடி விளையாடுகிற பிள்ளைக்குப் பொறுத்திருந்து பார்ப்பதே என் யோசனை. எப்போதாவது எடுக்கிற முடிவு வந்தால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்னால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும். அதுவரை வயிற்றில் அடிபடுகிற விளையாட்டில் மட்டும் கவனம். வீங்கிய மண்ணீரலுக்குச் சைக்கிள் ஹேண்டில்பார் இடிகூட ஆகாது.

இரும்பு டானிக் வேண்டாம். அவனுக்குக் குறைவது இரும்பு இல்லை. உடைந்த அணுவின் இரும்பு வெளியே போவதில்லை, உடம்பிலேயே தங்குகிறது. ஏற்றிய ரத்தத்தில் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வந்திருக்கிறது. சோதித்துக் குறைவு என்று தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம். அவனுக்கு வேண்டியது ஃபோலிக் அமில மாத்திரை. ஓய்வில்லாமல் உற்பத்தி செய்கிற மஜ்ஜைக்கு அது தீர்ந்துகொண்டே இருக்கும். டாக்டர் எழுதிய அளவில் விடாமல் கொடுங்கள். பத்தியம் வைத்துப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம். மட்டிப்பழம், முருங்கைக் கீரை, மீன், முட்டை, பயறு எல்லாம் சாப்பிடட்டும். கீழாநெல்லியை ஈரல் நோய்க்கான மருந்தாகத்தான் நம்மூரில் கொடுத்து வந்திருக்கிறார்கள். இந்த மஞ்சள் ஈரலிலிருந்து வரவில்லை, அதனால் அது இங்கே உதவாது.

உங்கள் கணவரின் பித்தப்பைக் கல்லைப் பற்றி நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. இந்த நோய் பெரும்பாலான குடும்பங்களில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து இறங்கி வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. 28 வயதில் ஒரு ஆணுக்குப் பித்தப்பைக் கல் என்றால் லேசான அளவில் அவருக்கும் இது இருக்கக்கூடும். பால்வெட்டு முடிந்து வந்ததும் தள்ளிப்போடாமல் அவரையும் மகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள். முழு ரத்தப் பரிசோதனை, ரெட்டிக் கவுண்ட், நுண்ணோக்கியில் ரத்தப் படலம் பார்ப்பது, பிலிருபின், இவை போதும். மகளுக்கு நான் அவசரப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அவளுக்கும் இந்த நோய் மறைந்திருந்தால், தம்பியிடமிருந்து வைரஸ் தொற்றி, இரண்டு மூன்று வாரத்துக்குள் அவளும் இதே போல விழலாம். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் கண் மஞ்சளே ஆனதில்லை என்பதை வைத்து விட்டுவிட வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவிக்கு. மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அவனிடமிருந்து வைரஸ் பரவியிருக்கலாம். கர்ப்பத்தின் முதல் பாதியில் தாய்க்கு இது புதிதாகத் தொற்றினால், சில வேளை குழந்தைக்குப் போய் அதற்கும் ரத்தச்சோகை வரும், உடம்பில் நீர் கோக்கும், சிலருக்குக் கரு தங்காமல் போகும். ஆனால் வளர்ந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சின்ன வயதிலேயே இது வந்துபோயிருக்கும், அவர்களுக்குப் பயமில்லை. பார்வோவைரஸ் ஐஜிஜி, ஐஜிஎம் என்ற ரத்தச் சோதனை அதைச் சொல்லிவிடும். ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய பாதுகாப்பு, நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் சில வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஐஜிஎம் இருந்தால் சமீபத்தில் தொற்றியிருக்கிறது என்று பொருள். அப்போது இரண்டு மூன்று மாதம் அடிக்கடி ஸ்கேன் செய்து குழந்தைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பார்கள். குறைந்தால் கருவிலிருக்கும்போதே ரத்தம் ஏற்றுகிற சிகிச்சை பெரிய மையங்களில் உண்டு. தொற்றிய பெரும்பாலான தாய்மாருக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கிறது. இதற்காகக் கருவைக் கலைக்கச் சொல்லி யாராவது பயமுறுத்தினால் கேட்க வேண்டாம்.

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர், ரத்த வகை, நன்றாக இருக்கும்போது உள்ள ஹீமோகுளோபின், ரெட்டிக், பிலிருபின், மண்ணீரல் அளவு, ரத்தம் ஏற்றிய தேதி. தக்கலையோ, மார்த்தாண்டமோ, ஆசாரிப்பள்ளமோ, திருவனந்தபுரமோ, எங்கே ஓட வேண்டி வந்தாலும் அந்த நோட்டைக் கொண்டுபோங்கள். முதல்முறை பார்க்கிற டாக்டருக்கு அவனுடைய வழக்கமான அளவு எது என்று தெரிந்தால்தான் இன்றைக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விளங்கும்.

மகன் தெம்பாக எழுந்து நடந்தால், ரெட்டிக் ஏறியிருந்தால், அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். எல்லோருடைய ரத்தப் பரிசோதனை முடிவும் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். மகளுடையதை முதலில் எழுதுங்கள்.